பேர் வெட்டின டம்ளர்

டம்ளர் அங்க இல்ல. இலையும் இல்லதான், ஆனா இலை போனாப் போகட்டும், இலையில பேரா எழுதியிருக்கு. டம்ளர்ல எழுதியிருக்கு. கு. பரமானந்தம், ராசபாளையம்னு கழுத்துக்குக் கீழ புள்ளி புள்ளியா வெட்டியிருக்கு. எங்க அப்பா கல்யாணச் சீர்ப் பாத்திரம் அத்தனையிலயும் மாப்பிள்ளை பேரை வெட்டச் சொன்னாரு, அண்டாவுல இருந்து கரண்டி வரைக்கும். களவு போயிரக் கூடாதாம். இருபத்திரண்டு வருசமா ஏழு ஊரு மாத்தியாச்சு, ஒரு கரண்டி களவு போகல. இன்னைக்குப் போயிருக்கு, அதுவும் எங்கருந்து, குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில தண்ணித் தொட்டிக்குப் பின்னால, காக்காய்க்கு வச்ச சோத்துக்குப் பக்கத்துல இருந்து. நல்லா யோசி செண்பகம்னு எனக்கே சொல்லிக்கிறேன். காலையில எட்டரைக்கு வச்சியா, வச்சேன். ஒரு கையில இலை, ஒரு கையில டம்ளர், அடுப்புல எண்ணெய் காயுதேன்னு ஓட்டமா இறங்கி வந்தேன். இலை மேல ஒரு கல்லு வச்சேன், பறக்காம இருக்க. டம்ளரை இலைக்கு வலப்பக்கம். அப்ப பேரு எந்தப் பக்கம் பாத்துச்சு, சுவரைப் பாத்தா, வெளியவா. என்னத்தப் பக்கம், டம்ளரே காணோங்கிறேன், பேரு எந்தப் பக்கம் பாத்தா என்ன. குக்கர் மூணாவது விசில் அடிச்சுருச்சு. அடுப்பை அணைக்கணும். ஜன்னல் வழியாப் பாத்தா சோதனைக்கு வந்த ஜீப்பு இன்னும் முதல் பிளாக்குலதான் நிக்குது. நாங்க நாலாவது பிளாக்.

போன் வந்தது பத்தே முக்காலுக்கு. இவுக எப்பவும் டூட்டியில இருந்து பேச மாட்டாக, பேசினா ஏதோ இருக்குன்னு அர்த்தம். விமானத்துல பறவை அடிச்சிருச்சுன்னாக. ஓடுபாதையில இறங்க வரும்போது முன்கண்ணாடியில வந்து மோதி, கண்ணாடி உடைஞ்சு, பைலட் ஒத்தைக் கண்ணை வச்சுக்கிட்டு இறக்கிட்டாராம். இன்னொரு கண்ணு என்ன ஆச்சுன்னு கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்குன்னு சொன்னாக, கண்ணு மட்டும் தனியா நடந்து போன மாதிரி. அப்புறம் குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு பிளாக்கா ஆளு வருது, குப்பை, சோறு, எதுவும் வெளிய கிடக்கான்னு பாக்க, நம்ம மாடி சுத்தமா இருக்குல்லன்னு கேட்டாக. இருக்குன்னேன். வச்சுட்டாக. நான் அப்படியே செருப்பை மாட்டிக்கிட்டு மேல ஏறினேன். பதினெட்டுப் படி, முட்டி வலின்னு ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல ஏற மாட்டேன், இன்னைக்கு ரெண்டாந்தடவை. தொட்டிக்குப் பின்னால போய்ப் பாத்தா ரெண்டு இலை இருக்க வேண்டிய இடத்துல ஒரு இலை. எதுத்த வீட்டு வடிவு வச்சது மட்டும். சோறு குவிச்சபடி குவிச்சிருக்கு, பருப்பு, நெய், உச்சியில ஒரு வடை, எள்ளு தூவி. ஒரு பருக்கை கலையல. என்னோடது இருந்த இடத்துல கல்லு மட்டும் இருக்கு, தரையில டம்ளர் வச்ச ஈரம் வட்டமா இருக்கு. நான் வடிவு இலையைத் தொடல. தொடாம இறங்கி வந்துட்டேன். அதைப் பத்தி இப்ப நினைக்க வேண்டாம்.

இந்த விமானப்படை வேலியைத் தாண்டி உள்ள வந்துட்டா காக்காய்க்குச் சோறு வைக்கிறது குத்தம். வெளிய இருக்கிறவங்க சிரிப்பாங்க, இங்க யாரும் சிரிக்க மாட்டாங்க. சோறு இருந்தா பறவை வரும், பறவை இருந்தா விமானத்துல அடிக்கும், இரும்பும் இறகும் மோதினா இரும்புதான் உடையுதாம், வேகம் அப்படி. குப்பை வண்டிக்கு மூடி, கறிக்கடைக்குச் சல்லடை, மாடியில வத்தல் காயப் போடக் கூடாது, தட்டுல மிஞ்சினதை ஜன்னல் வழியா வீசினா புருசனுக்கு ஓலை போகும். ஒவ்வொரு பிளாக் வாசல்லயும் ஒரு காக்கா படம் போட்டு, குறுக்கே செவப்புக் கோடு கிழிச்சு, இந்தியிலயும் இங்கிலீசுலயும் நோட்டீஸ். அந்தக் காக்கா யாரு வரைஞ்சது தெரியுமா, எங்க வீட்டுக்காரவுகதான். அவுகளுக்கு வேலையே அதுதான். ஜூனியர் வாரண்ட் ஆபீசர் பரமானந்தம், பறவை விரட்டுற பிரிவு. ஓடுபாதை ஓரத்துல வெடி போட ஆள் வைக்கிறது, புல்லு வெட்டச் சொல்றது, செத்த பறவை கிடைச்சா இறகைப் பிளாஸ்டிக் பையில போட்டுத் தேதி எழுதி அனுப்புறது. இந்த வாரம் வாரண்ட் ஆபீசர் பதவிக்கு அவுக பைல் மேல போயிருக்கு. அது வரலைன்னா வர்ற வருசம் பெட்டியைக் கட்டிக்கிட்டு ராசபாளையத்துக்குத் திரும்ப வேண்டியதுதான், எங்க மக கலைவாணி பன்னெண்டாவது பாதியில நிக்கும். பறவை விரட்டுறவன் பொண்டாட்டியே பறவைக்கு விருந்து வச்சான்னு தெரிஞ்சா பைலா, மண்ணாங்கட்டி. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் மாசம் தவறாம அமாவாசைக்கு வச்சேன். எதுக்கு வச்சேன், பக்தியா. எங்க மாமியாளுக்கு வச்சேன். அந்தப் பொம்பளை இருக்கிற வரைக்கும் நான் சாப்பிட்டாச்சான்னு ஒரு நாள் கேட்டதில்ல, குழம்புச் சட்டியைத் தன் மடியில வச்சுக்கிட்டுத்தான் எனக்குச் சோறு போடுவா. செத்த வருசமே அமாவாசைக்கு ஒண்ணும் வைக்காம விட்டேன், கலைவாணிக்கு டைபாய்டு. அன்னையில இருந்து வைக்கிறேன். இருக்கும்போது பயந்து போட்டேன், செத்தும் பயந்து போடுறேன், அவளுக்கு வடை மொறுமொறுன்னு இருக்கணும், ஆறினதை வச்சா என்ன செய்வாளோன்னு அடுப்புல இருந்து எடுத்த சூட்டோட கொண்டுபோய் வச்சேன்.

என்ன அமைதி இது. இங்க வந்த புதுசுல விமானச் சத்தம் கேட்டாத் தலைவலி, இப்ப கேக்கலைன்னா நெஞ்சு படபடங்குது. எங்க பொம்பளைங்க பேசிக்கிட்டே இருப்போம், தலைக்கு மேல ஒண்ணு போகும், வாயைத் திறந்தது திறந்தபடி அப்படியே நிப்போம், அது போனதும் விட்ட எழுத்துல இருந்து பிடிச்சுப் பேசுவோம். ஊருக்குப் போனாலும் அந்தப் பழக்கம் போகாது, பஸ்ஸு போனாக்கூட வாயை மூடுவேன், தங்கச்சி கேலி பண்ணுவா. இன்னைக்குக் காலையில நாலு போச்சு. இங்க யாரும் வாய்விட்டு எண்ண மாட்டாங்க, ஆனா எண்ணாத பொம்பளை கிடையாது. நாலு போச்சு, மூணு வந்துச்சு. மிச்ச வடையைத் தட்டிக்கிட்டிருந்த கை அப்படியே நின்னுச்சு. அப்புறம் நாலாவது, கோணலா ஒரு சத்தம் போட்டுக்கிட்டு வந்துச்சு, பின்னாலயே சங்கு ஊதிச்சு, தீயணைக்கிற வண்டி ஓடுச்சு. சரி, வந்துருச்சுல்லன்னு மிச்சத்தையும் போட்டு முடிச்சேன். அந்தப் பைலட் யாருன்னு இவுக சொன்னப்பதான் பகீர்னுச்சு. போன மாசம் விளையாட்டு விழாவுல கலைவாணிக்கு ஓட்டப் பந்தயக் கோப்பையைக் கொடுத்த பையன். பையன்தான், மீசை சரியா வரல. எங்க வாணி கையைக் குலுக்கி, நீ என்னைவிட வேகமாப் போறியேன்னு இங்கிலீசுல சொன்னான், அது ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சுது. அந்தக் கண்ணு. மோதின பறவை காக்காவா பருந்தான்னு தெரியலையாம். ரத்தமும் இறகும் கொஞ்சம் ஒட்டியிருக்கு, பஞ்சுல தொட்டு எடுத்து அனுப்புவாகளாம். இரைப்பையும் கிடைச்சா அதையும் கீறிப் பாப்பாகளோ. பாத்தா உள்ள என்ன இருக்கும், பொன்னிப் பச்சரிசி, எள்ளு, உளுந்துவடை. இந்தக் கோதுமை தின்னுற ஊருல அது யாரு வீட்டுச் சோறுன்னு சொல்லச் சோசியனா வேணும். ஜீப்பு ரெண்டாவது பிளாக்குக்கு நகந்துருச்சு.

வடிவு எடுத்துருப்பா. அவளைத் தவிர யாரு. இந்த மாடிக்குக் கடைசித் தளத்துக்காரங்க ரெண்டு வீடுதான் போறது வர்றது, எதுத்தாப்புல அவ, இந்தப் பக்கம் நான். கீழ்வீட்டுப் பஞ்சாபிப் பொம்பளை பாலுக்கே பக்கெட்டைக் கயித்துல விடுறவ, அவ எங்க மாடி ஏறப் போறா. வடிவுதான் எடுத்துருக்கா. எடுத்து என்ன செய்வா, வச்சுக்குவா. ஆளு வந்து கேட்டா, நான் மட்டும் வைக்கல ஐயா, எதுத்த வீட்டு அக்காவும் வச்சா, அக்காதான் சொல்லிக் கொடுத்தா, இந்தா சாட்சின்னு நீட்டுவா. பேரு தமிழ்ல தான இருக்கு, இந்திக்காரனுக்குப் புள்ளி வச்ச பூவு மாதிரி இருக்கும்னு பாத்தா, கேன்டீன்ல ஒரு தமிழன், ரேடார்ல ரெண்டு தமிழன், கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாப் படிக்க மாட்டானா. படிப்பான், சந்தோசமாப் படிப்பான், எங்க வீட்டுக்காரவுகளைக் கண்டா அவனுகளுக்கு ஆகாது. அப்பாவி மாதிரி இருந்துக்கிட்டு என்ன காரியம் பண்ணியிருக்கா பாரு.

அவ வந்து நாலு மாசம் ஆகுது. கார்ப்பரல் இசக்கிமுத்து பொண்டாட்டி, சங்கரன்கோயில் பக்கம், இருபத்திரண்டு வயசு, இந்தியில ‘ஆமாங்க’ன்னு சொல்ற ‘ஹாஞ்சி’ தவிர ஒண்ணும் தெரியாது. பால்காரன் என்ன சொன்னாலும் ஹாஞ்சி, நாய் குரைச்சாலும் ஹாஞ்சி. மகளிர் சங்கத்துல இந்த பிளாக்குக்கு நான்தான் பொறுப்பு, புதுசா வர்ற குடும்பத்துக்கு விதியெல்லாம் படிச்சுக் காட்டி நோட்டுல கையெழுத்து வாங்கணும். அவகிட்டயும் வாங்கினேன். படிச்சுக் காட்டினேனா. அன்னைக்கு ஆபீசர் வீட்டம்மா பிறந்தநாளுக்கு நூத்தம்பது சமோசா மடிக்க என்னைக் கூப்பிட்டிருந்தாங்க, அவசரம், இதுல கையெழுத்துப் போடு புள்ள, பால் கார்டுக்குன்னேன். போட்டா. சு. வடிவுன்னு குனிஞ்சு குனிஞ்சு எழுதினா. அப்புறம் போன மாசம் ஒரு நாள் கதவைத் தட்டி அழுதா. அவ அப்பா இறந்துட்டாருன்னு தந்தி மாதிரி ஒரு போன், போக முடியல, ரயில்ல மூணு நாளு, போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுரும். ஆம்பளைப் புள்ளை இல்லாத மனுசனாம், செய்ய ஆளில்ல. எங்க அப்பா பசியோட திரிவாகளே அக்கான்னு அழுதா. எனக்கு என்ன கேடு வந்துச்சு, வாயை மூடிக்கிட்டு இருந்துருக்கலாம், அமாவாசைக்குச் சோறு வைன்னு சொன்னேன். எங்கக்கா வைக்கன்னா. தொட்டிக்குப் பின்னால இடத்தையே காட்டிக் கொடுத்தேன். தையல் இலையும் நான்தான் கொடுத்தேன், ஊருல இருந்து வரும்போது கொண்டுவந்த கட்டுல இருந்து. காக்கா எடுத்தாத்தான் நாம சாப்பிடணும், யாராவது வந்தா முதல்ல இலையை எடுத்துரணும்னு சொன்னேன். ஏன் எடுக்கணும்னு கேட்டாளா, கேக்கல. சரிக்கான்னா. கூடாதுன்னு நான் சொல்லல. சொன்னா எதுக்குக் கூடாதுன்னு கேப்பா, அப்புறம் நீங்க மட்டும் எப்படி வைக்கிறீகன்னு கேப்பா. ஜீப்பு மூணாவது பிளாக்.

ஒரே ஒரு நிமிசம் ஆகியிருக்கும். குனிஞ்சு, அவ இலையை மடிச்சு, முந்தானைக்குள்ள வச்சு இறங்கியிருந்தா, மாடி துடைச்ச மாதிரி இருந்துருக்கும். முட்டி வலிங்கிறது பொய். குனியத்தான் போனேன். அப்பத்தான் அந்த ஈர வட்டத்தைப் பாத்தேன். டம்ளரை எடுத்தவ எங்கயோ இருக்கா, எப்ப நீட்டுவான்னு தெரியாது. மாடியில ஒண்ணுமே இல்லைன்னா இன்னும் தேடுவானுக, வீடு வீடாக் கேப்பானுக, அப்ப நீட்டுவா. ஒரு இலை கிடைச்சுட்டா, ஒரு ஆளும் கிடைச்சுட்டா, தேடுறது நின்னுரும். பிடிபட்டவ என்ன சொன்னாலும் தப்பிக்கச் சொல்ற பேச்சுன்னு ஆயிரும். இவ்வளவையும் நான் அந்த வெயில்ல நின்னு யோசிச்சேனா, இல்ல இறங்கும்போது ஒவ்வொரு படியிலயும் ஒண்ணொண்ணாச் சேத்துக்கிட்டேனா. பயம். வேற எந்த எழவும் இல்ல, பயம். அவளுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா. குவார்ட்டர்ஸைப் பிடுங்குவாங்க, அவனை ஒத்தை ஆளுக தங்குற பேரக்ஸுல போடுவாங்க, அவளை ஊருக்கு அனுப்புவாங்க. ஊருல அவ மாமியா இருக்கா. என் மாமியா சோத்தைத்தான் மறைச்சா. வடிவு இடது கையில முழங்கைக்கு மேல ஒரு தழும்பு இருக்கு, ரவிக்கை கையை இழுத்து இழுத்து மூடுவா. ஒரு நாள் எண்ணெய் தேச்சு விடும்போது பாத்துட்டேன். தோசைக்கல்லுக்கா, தவறிப் பட்டுருச்சுன்னா. தவறிப் பட்ட கல்லு நாலு இடத்துல எப்படிடி படும். இங்க வந்ததுக்கப்புறம்தான்க்கா தூங்குறேன்னு சொன்னா, தலையை என் மடியில வச்சுக்கிட்டு. அதை இப்ப எதுக்கு நினைக்கணும். அவ டம்ளரை எடுக்காம இருந்திருந்தா நான் இலையை எடுத்துருப்பேன். சத்தியமா எடுத்துருப்பேன். அவளா இழுத்து வச்சுக்கிட்டது. பசி வயித்தைக் கிள்ளுது. அஞ்சு மணிக்கு ஒரு காப்பி குடிச்சதோட சரி. என் இலையைக் காக்கா எடுத்துச்சா இல்லையான்னு தெரியாமச் சாப்பிடவும் முடியாது. ஜீப்பு கீழ நின்னுருச்சு.

பூட்ஸு சத்தம் என் கதவைத் தாண்டி மேல போச்சு. மூணு பேரு. நான் கதவுக்குப் பின்னால நின்னு எண்ணினேன், பதினெட்டுப் படி. கொஞ்ச நேரம் ஒண்ணும் கேக்கல. அப்புறம் இறங்கினாங்க, என் கதவைத்தான் தட்டினாங்க, பிளாக் பொறுப்பு நான்தானே. சின்ன வயசு ஆபீசர், முகத்தைச் சுத்தமா வழிச்சு, பின்னால ரெண்டு போலீஸு, ஒருத்தன் கையில அந்த இலை. நாறிப்போன பொருளைப் பிடிக்கிற மாதிரி தள்ளிப் பிடிச்சிருக்கான், நெய் வழிஞ்சு அவன் கைகடிகாரத்துல படுது. டம்ளர் இல்ல. மூணு பேர் கையையும் பாத்தேன், இல்ல. இது யாரோடதுன்னு ஆபீசர் இந்தியில கேட்டாரு, மரியாதையாத்தான் கேட்டாரு, பரமானந்தம் சாப் வீட்டம்மான்னு தெரியும் அவருக்கு. தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். கை தானா எதுத்த வீட்டைக் காட்டுச்சு. கதவு திறந்துதான் இருந்துச்சு. வடிவு முந்தானையை ரெண்டு தோளுக்கும் இழுத்துப் போத்திக்கிட்டு நிக்கிறா. அவ இலையைப் பாத்தா, அப்புறம் என்னைப் பாத்தா. அந்தப் பார்வையில என்ன இருந்துச்சுன்னு எனக்கு அப்ப விளங்கல. இந்தா, சொல்லப் போறான்னு நினைச்சேன். முந்தானைக்குள்ளதான் டம்ளரை வச்சிருக்கா, எடுக்கப் போறான்னு அவ கையையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

இந்தப் பொண்ணுக்கு இந்தி தெரியுமான்னு ஆபீசர் கேட்டாரு. தெரியாது, நான் சொல்றேன்னேன். இப்படி வைக்கக் கூடாதுன்னு தெரியுமா கேளுங்கன்னாரு. நான் வடிவுகிட்ட, “இது தப்புன்னு உனக்குத் தெரியுமான்னு கேக்காரு”ன்னேன்.

“தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது. அந்த நோட்டீஸை எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு சொல்லுங்க. யாரும் எனக்குச் சொல்லலைன்னு சொல்லுங்கக்கா.”

யாரும் சொல்லல. அதை இந்தியில சொன்னா அடுத்த கேள்வி எங்கிட்டத்தான் வரும், பொறுப்புல இருக்கிற நீ ஏன் சொல்லலைன்னு. இந்த ரெண்டு வார்த்தைக்கு எனக்கு இந்தி தெரியாமலா. ஆபீசர் என் வாயையே பாக்குறாரு. தெரியும்னு சொல்றான்னேன். ரெண்டு தடவை நான் சொல்லியிருக்கேன், எங்க ஊரு வழக்கம், அப்படித்தான் செய்வேன்னு சொல்றா. சொல்லி முடிச்சதும் வடிவு, நான் அவளுக்காகப் பேசினேன்னு நினைச்சுக்கிட்டு, ஆபீசரைப் பாத்துக் கைகூப்பி ‘ஹாஞ்சி, ஹாஞ்சி’ன்னா. ஆபீசர் முகம் கல்லாப் போச்சு. அங்க ஒரு ஆளு கண்ணு போய்க் கிடக்கான்னு சொல்லுங்கன்னாரு. நோட்டைக் கேட்டாரு. எடுத்துக் கொடுத்தேன். கையெழுத்து இருந்துச்சு, சு. வடிவு, தேதியோட. இன்னும் யாராவது சேந்து வச்சாங்களா, கேளுங்கன்னாரு. வேற யாரும் வச்சாங்களான்னு கேக்காருன்னேன், மெதுவா. வடிவு என்னைப் பாக்கல. ஆபீசரைப் பாத்து, தலையை ரெண்டு பக்கமும் ஆட்டி, ஒத்த விரலை எடுத்துத் தன் நெஞ்சுல வச்சுக் காட்டினா. அதுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கல.

பத்து நாளைக்குள்ள வீட்டைக் காலி பண்ணணும், புருசன் மேல விசாரணை வரும், சொல்லிருங்கன்னுட்டு இறங்கிப் போனாங்க. சொன்னேன். இதை மட்டும் ஒரு சொல்லு மாத்தாமச் சொன்னேன். வடிவு கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டா. “ஊருக்கா அக்கா? அவுக வீட்டுக்கா?” அவ்வளவுதான் கேட்டா. நான் பேசிப் பாக்குறேன்னு சொல்லி என் கதவைச் சாத்திக்கிட்டேன். யாருகிட்டப் பேச. போன் அடிச்சுது, இவுக. நம்ம பிளாக்குல ஒண்ணு கிடைச்சுதாமேன்னாக. ஆமா, இசக்கிமுத்து பொண்டாட்டின்னேன். ஒண்ணுதானான்னாக. ஒண்ணுதான்னேன். சரின்னாக. வச்சுருவாகன்னு பாத்தா, வடை சுட்டுட்டியான்னு கேட்டாக. இருபத்திரண்டு வருசத்துல இந்த மனுசன் அமாவாசைக்கு மாடியில என்ன நடக்குதுன்னு ஒரு தடவை கேட்டதில்ல, கேக்காமலே எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்காக. சுட்டுட்டேன்னேன். நாலு எடுத்து வையின்னாக. இன்னும் டம்ளர் கிடைக்கலையேன்னு மட்டும் என் மண்டைக்குள்ள ஓடுது. ஆளுக முன்னால நீட்டல, சரி, நாளைக்கு நீட்டலாம். புருசன் வந்ததும் அவன் புத்தி சொல்லிக் கொடுப்பான். அவனே கொண்டுபோய்க் கொடுப்பான். இதெல்லாம் யோசிச்சுக்கிட்டு சிங்குல கையை வச்சா, கை பாட்டுக்குத் தண்ணியைத் திறந்துவிட்டு நின்னுருக்கு.

மணி ஒண்ணு இருக்கும், கதவை விரல் நுனியால தட்டினா. திறந்தேன். வடிவு மாடிப்படி மேலயும் கீழயும் பாத்துட்டு உள்ள வந்து, முந்தானைக்குள்ள இருந்து டம்ளரை எடுத்து நீட்டினா. புளி போட்டு விளக்கி, துடைச்சு, பேரு பளிச்சுன்னு தெரியுது. உள்ள முக்கால் டம்ளருக்குச் சீனி.

“சங்கு ஊதுனதும் துணி எடுக்க மேல போனேன்க்கா. ஆளு வந்தா முதல்ல இலையை எடுக்கணும்னு சொல்லியிருந்தீகள்ல. உங்களுதுலதான் பேரு இருந்துச்சு, அதான் உங்களுதை முதல்ல எடுத்துத் துணிக்குள்ள வச்சுக் கொண்டாந்தேன். என்னுதை எடுக்கத் திரும்பப் போக இருந்தேன், அதுக்குள்ள உங்க செருப்புச் சத்தம் கேட்டுச்சு, நீங்க மேல போனீக. சரி, என்னுதை அக்கா எடுத்துருவாகன்னு இருந்துட்டேன்.”

நான் போகலைன்னு சொல்லலாம், செருப்புச் சத்தத்தைக் கேட்டிருக்கா. போனேன், பாக்கலைன்னு சொல்லலாம், கண்ணு முன்னால இருந்த இலை. அவ எதையும் கேக்க வரலன்னு அவ மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. கண்ணு வீங்கி, மூக்கு செவந்து, சீனி சிந்திரக் கூடாதுன்னு டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கா.

“வெறும் பாத்திரமாத் திருப்பிக் கொடுக்கக் கூடாதுல்லக்கா. எங்களுக்குத்தான் இனி சீனி எதுக்கு.” அப்புறம், எனக்கு ஆறுதல் சொல்ற மாதிரி, “உங்க இலையைக் காக்கா சுத்தமாத் தின்னுருந்துச்சுக்கா. ஒரு பருக்கை இல்ல, வடையைக்கூட விடல. எங்க அப்பாவுதைத்தான் தொடவே இல்ல”ன்னா.

அப்ப அந்தப் பறவை. அந்தப் பையனோட கண்ணு. மொறுமொறுன்னு, சூடா, என் கையால போட்ட வடை. அவ்வளவும் ஒரு நொடியில வந்து நெஞ்சுல நின்னுச்சு, அவ காலைப் பிடிச்சுக்கிட்டுக் கதறணும்னு கூட வந்துச்சு. வாய் திறந்தது. வந்த வார்த்தையை நானே என் காதால கேட்டேன்.

“இதைக் கொண்டு வரும்போது யாரும் பாத்தாகளா?”

“இல்லக்கா”ன்னா.

“நீ இன்னும் சாப்பிடலையா?”

“காக்கா எடுக்கலையேக்கா. எப்படிச் சாப்பிட.” அவ்வளவுதான், போயிட்டா. கதவைத் தாப்பாள் போட்டேன். சீனியை டப்பாவுல கொட்டி, டம்ளரைக் கழுவி, பேரு சுவரைப் பாக்குற மாதிரி அலமாரியில கவுத்தி வச்சேன். இவுகளுக்கு நாலு வடை தனியா எடுத்து மூடினேன். சாம்பார் இன்னும் சூடா இருந்துச்சு. என் இலையைத்தான் காக்கா எடுத்துருச்சே. தட்டைப் போட்டு உக்காந்து சாப்பிட்டேன்.